நீலப் பொட்டு வைத்த ஊசி

'வீ...ல்!'

அலறியது மனிதர் இல்லை. மெஷின்.

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அதற்குச் செல்லப் பெயர் 'மோப்பி'. போரில் எதிரி விஷவாயு வீசினால், மனித மூக்கு உணர்வதற்குள் மோப்பி உணர்ந்து கத்த வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கட்டடம், அந்த வெள்ளைக் கோட்டுகள், உள்ளறையில் அத்தனை பூட்டுகள்.

காலைக் காபி நேரத்தில் மோப்பி கத்தியது.

தடதடவென்று நாற்காலிகள் சரிந்தன. கோப்பைகள் உருண்டன. முகமூடியை மாட்டிக்கொண்டு ஆளாளுக்கு வெளியே ஓடினார்கள்.

ஒருத்தி மட்டும் உள்ளே ஓடினாள்.

முகமூடி இல்லாமல்!

சோதனைக் கூடத்தின் தரையில் கிடந்தார் அவள் கணவர். அந்த ஆராய்ச்சியின் தலைவர். மோப்பியைப் பெற்று வளர்த்தவர் என்பதால் 'மூக்கு சார்' என்று பெயர் வாங்கியவர். வாயோரம் வெள்ளை நுரை. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"என்னங்க! என்னங்க...!"

சுவரில் தொங்கிய சிவப்புப் பெட்டியைத் திறந்தாள். விஷமுறிவு ஊசிகள். உடைக்கு மேலேயே தொடையில் குத்தினால் போதும், மருந்து தானே இறங்கிவிடும்.

குத்தினாள்.

அவர் 'ஆ'வென்று கத்தினார். எழப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். நாக்கு குழறியது.

விஷம் ஏறுகிறது என்று நினைத்தாள். இன்னொரு ஊசி. அப்புறம் இன்னும் ஒன்று...

அவர் அசைவது நின்றுபோனது.

* * *

ஆம்புலன்ஸ் போயிற்று. போலீஸ் வந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட 'யார் அடிச்சது?' என்று கேட்கிற ரகம். கூடவே ஏட்டு. ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்ததால் உயிர்மேல் புதிதாக ஆசை வந்தவர். வாசல் நடையில் மாட்டியிருந்த முகமூடிகளில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

"ஏட்டய்யா, காத்துல ஒண்ணும் இல்லைன்னு சோதிச்சுச் சொல்லிட்டாங்க. அதக் கழட்டுங்க."

"சொன்னவங்க வெளியில நின்னு சொன்னாங்க மேடம்."

பேசிக்கொண்டே மெஷினைக் கடந்தார்.

'கீ...! கீ...!'

ஏட்டு இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் பாய்ந்தார்.

"பயப்படாதீங்க. உங்க தலை எண்ணெய்தான்!"

குரல் கொடுத்தபடி வந்தவர் பாதுகாப்பு அதிகாரி. மடிப்புக் கலையாத சட்டை, இடுப்பில் சாவிக் கொத்து, கையில் கைக்குட்டை. "வாசனை தூக்கலா இருந்தா மோப்பி சில நேரம் குழம்பிடும். மாப்பிள்ளை அதத்தான் சரி பண்ணிட்டிருந்தாரு. அதுக்குள்ள இப்படி..."

"மாப்பிள்ளையா?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர் மேடம். தலைவரா இருந்தாலும் எனக்கு மாப்பிள்ளைதானே."

இன்ஸ்பெக்டர் தரையில் மண்டியிட்டாள். நுரை சிந்திய இடம் இன்னும் ஈரமாக இருந்தது. ஏட்டும் பக்கத்தில் குனிந்தார்.

"மேடம்... எலுமிச்சை வாசனை அடிக்கல?"

இன்ஸ்பெக்டர் முகர்ந்து பார்த்தாள். அடித்தது.

அவள் ஏட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் முகமூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள்.

பக்கத்தில் மூன்று காலி ஊசிகள். ஒன்றைக் கையுறை போட்ட கையால் தூக்கித் திருப்பினாள். அடிப்பாகத்தில் சின்னதாய் ஒரு நீலப் பொட்டு. மற்ற இரண்டிலும் அதே.

"இது என்ன?"

"கம்பெனிக் குறி மேடம். அவங்க ஒட்டி அனுப்பறதுதான்," என்றார் பாதுகாப்பு அதிகாரி.

பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்ததோ?

* * *

"மேடம், ஒரு விஷயம். சொல்லலாமா, வேண்டாமான்னு..." பாதுகாப்பு அதிகாரி தன் அறைக் கதவைச் சாத்தினார்.

"வேண்டாம்னு நினைக்கிறவங்க ஆரம்பிக்கவே மாட்டாங்க. சொல்லுங்க."

"பாப்பா... என் தங்கச்சி. இங்க யார் வேலைக்குச் சேர்ந்தாலும் நான் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம், முதல்ல உன் முகமூடி, அப்புறம்தான் அடுத்தவன். பெத்த புள்ளையே விழுந்து கிடந்தாலும் சரி! அவ முகமூடி இல்லாம உள்ள ஓடினா. விஷம் இருக்குன்னு நினைக்கிறவ அப்படி ஓடுவாளா?"

"அதாவது, விஷம் இல்லைன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும்கிறீங்க."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல!"

"சொல்லாமலே நல்லாச் சொல்றீங்க. அப்புறம்?"

"நேத்து ரெண்டு பேருக்கும் பயங்கர சண்டை. மாப்பிள்ளைக்கு இதயத்துல அடைப்பு வேற இருக்கு. குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஊசி, விஷம் ஏறின உடம்புக்குத்தான் மருந்து. சும்மா இருக்கிற உடம்புல மூணு இறங்கினா... அதுவும் அப்படிப்பட்ட இதயத்துல..."

"ஒருவேளை உங்க தங்கச்சிய அரெஸ்ட் பண்ண வேண்டி வந்தா?"

அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

கண் காய்ந்துதான் இருந்தது.

இன்ஸ்பெக்டரின் செல்போன் அடித்தது. மறுமுனையில் ஆஸ்பத்திரி டாக்டர்.

"ரத்தத்துல எந்த விஷமும் இல்ல இன்ஸ்பெக்டர். ஏறினது ஊசி மருந்து மட்டும்தான். இதயம் தாறுமாறா ஓடுது. பிழைப்பாரான்னு இப்ப சொல்ல முடியாது."

"வாய்ல இருந்த நுரை?"

டாக்டர் தயங்கினார். "அதுதான் எனக்கும் புரியல. அது... சோப்பு நுரை."

* * *

மனைவி தன் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் விஞ்ஞானிதான். எதிரே கணவரின் நாற்காலி. அதன் முதுகில் அவர் கோட்டு.

"முகமூடி போடாம ஏன் ஓடினீங்க?"

"அவர் உள்ள இருந்தாரு."

"விஷமும் இருந்திருக்கலாமே?"

"அதெல்லாம் அப்பத் தோணல மேடம். அவர் உள்ள இருந்தாரு. அவ்வளவுதான்."

"நேத்து என்ன சண்டை?"

அவள் கணவரின் கோட்டைப் பார்த்தாள். "அது எங்க வீட்டு விஷயம்."

"உங்க வீட்டுக்காரர் உசுருக்குப் போராடறாரு. ஊசி போட்டது நீங்க. இனிமே எல்லாம் என் விஷயம்."

"நான் அவரக் காப்பாத்தத்தான் போட்டேன்!" அவள் மேஜையில் முகம் புதைத்து அழுதாள். "அவர் கத்தினாரு. விஷம்னு நெனச்சேன். இன்னும் போட்டேன். என் கையாலயே... என் கையாலயே..."

ஏட்டு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். முகமூடியை ஒருவழியாகக் கழற்றியிருந்தார்.

இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியது. "ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டு என்ன தோணுதுன்னு சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் வாய்ல இருந்தது சோப்பு நுரை."

அவள் நிமிர்ந்தாள்.

"சோப்பா? அப்படின்னா... டிரில்!"

"டிரில்னா?"

"ஒத்திகை மேடம். அலாரம் அடிச்சா நாங்க சரியா நடந்துக்கறோமான்னு பார்க்கத் திடீர்னு வைப்பாங்க. விஷம் மாதிரியே ஒரு போலித் திரவம் இருக்கு. ஒரு சொட்டு விட்டா மெஷின் ஏமாந்து கத்தும், மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாது. ஒருத்தர் விஷம் தாக்கின மாதிரி விழுந்து கிடப்பாரு..."

"நுரையெல்லாம் வச்சுக்கிட்டு!"

"ஆமா. நிஜமாவே ஊசி குத்திடக் கூடாதேன்னு முன்னாடியே பெட்டியில டம்மி ஊசிய மாத்தி வச்சிடுவாங்க. அதுல முனையும் கிடையாது, மருந்தும் கிடையாது."

"யார் மாத்தி வைப்பாங்க?"

"டிரில் நடக்கப் போகுதுன்னு ரெண்டே பேருக்குத்தான் தெரியும். தலைவருக்கும்..."

நிறுத்தினாள்.

"ம். தலைவருக்கும்?"

"பாதுகாப்பு அதிகாரிக்கும். அண்ணனுக்கு." உடனே தலையை வேகமாக ஆட்டினாள். "ஆனா இந்தத் தடவை இவர் அண்ணன்கிட்ட சொல்லாமலே பண்ணியிருப்பாரு மேடம். சொல்லியிருந்தா அண்ணன் மாத்தாம இருப்பாரா? என்னத் தோள்ல தூக்கி வளர்த்தவரு அவரு!"

தூக்கி வளர்த்த அண்ணன் பக்கத்து அறையில் என்ன சொன்னார் என்று இன்ஸ்பெக்டர் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை.

* * *

"டிரிலா? சத்தியமா எனக்குத் தெரியாது மேடம்!" பாதுகாப்பு அதிகாரி நெஞ்சில் கை வைத்தார். "மாப்பிள்ளை என்கிட்ட மூச்சு விடல. சொல்லியிருந்தா டம்மிய மாத்தி வச்சிருக்க மாட்டேனா? அலாரம் அடிச்சதும் அசல் விஷம்னு நெனச்சு, எல்லாரையும் போல நானும் உயிரக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் வெளிய ஓடினேன்!"

"எல்லாரையும் போல?"

"எல்லாரையும் போலத்தான்."

"சரி. போய் உக்காருங்க."

அவர் போனதும் ஏட்டு கிசுகிசுத்தார். "இவரும் தெரியாதுங்கறாரு. அந்தம்மாவும் தெரியாதுங்கறாங்க. தெரிஞ்ச மனுஷன் ஆஸ்பத்திரியில கிடக்காரு. தலை சுத்துது மேடம்."

"சுத்தட்டும். காமிராவப் போடுங்க. காலையில வெளிய ஓடினவங்க யார் யார் எங்க நின்னாங்கன்னு பார்ப்போம்."

திரையில் காலைநேரம் ஓடியது. முகமூடி மனிதர்கள் வாசலில் ஒரு கணம் நின்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரி அண்ணாந்து மொட்டை மாடியைப் பார்த்தார்கள். பிறகு ஒரே பக்கமாக ஓடினார்கள். பொட்டல் வெளி. சுள்ளென்ற வெயில். அங்கே போய்க் கூட்டமாக நின்றார்கள்.

"எதுக்கு மேல பார்க்கறாங்க?"

மொட்டை மாடிக் கம்பத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துணிப் பை காற்றில் விறைத்து நீண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் மனைவியை அழைத்து வரச் சொன்னாள்.

"அது காத்துப் பை மேடம்," என்றாள் அவள். "காத்து போற பக்கம் பை நீளும். விஷமும் அந்தப் பக்கம்தான் போகும். அதனால அலாரம் அடிச்சா முதல்ல பையைப் பாரு, அது காட்டற பக்கம் போகவே போகாதே, எதிர்ப்பக்கம் ஓடு. எங்களுக்குத் தூக்கத்துலகூட மறக்காது. அண்ணன்தான் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தாரு."

"அப்ப பை காட்டற பக்கம் யாரும் நிக்க மாட்டாங்க?"

"பைத்தியம்தான் நிக்கும்."

"ஏட்டய்யா, பை காட்டற பக்கம் இருக்கிற காமிராவப் போடுங்க."

படம் மாறியது.

ஒரு பெரிய மரம். குளுகுளு நிழல். கீழே ஒரே ஒரு ஆள். முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டுக்கொண்டு, அடிமரத்தில் சாய்ந்து, சாவகாசமாகக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இடுப்பில் சாவிக் கொத்து!



"அண்ணனுக்கு... வெயில் ஒத்துக்காது..." என்றாள் அவள். அவளுக்கே அது அபத்தமாகப் பட்டிருக்க வேண்டும். பாதியில் குரல் உடைந்தது.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவரு விஷம் வர்ற வழியில நின்னு காத்து வாங்கறாரு. ஏன்னா, விஷம் இல்லைன்னு அவருக்குத் தெரியும். இப்பவாவது சொல்லுங்க. நேத்து என்ன சண்டை?"

அவள் சொன்னாள். சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்தது.

"இங்க இருக்கிற முகமூடி எல்லாத்தையும் வருஷா வருஷம் அண்ணன் சோதிக்கணும். பல வருஷமா அவர் சோதிக்கவே இல்ல. சோதிச்சாச்சுன்னு சீட்டு மட்டும் ஒட்டிடுவாரு. இவர் கண்டுபிடிச்சிட்டாரு. நாளைக்கு மேலிடத்துலேர்ந்து குழு வருது, நீங்களே ஒத்துக்குங்க, இல்லைன்னா நான் சொல்வேன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டாரு. அண்ணனுக்கு வேலை போயிடும், ஜெயிலுக்கும் போவாருன்னு நான்தான் இவர்கிட்ட கெஞ்சினேன். அதுதான் சண்டை."

"முகமூடி செத்துப் போச்சுன்னு எனக்கு வந்த உடனே தெரியும்," என்றாள் இன்ஸ்பெக்டர். "முகமூடி போட்ட ஏட்டய்யாவுக்கு எலுமிச்சை வாசனை அடிச்சுது. வாசனை போற ஓட்டையில விஷம் போகாதா?"

ஏட்டு தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். அடுத்த நிமிஷம் அவர் முகம் வெளுத்தது.

இன்ஸ்பெக்டரின் செல்போன் மறுபடி அடித்தது. கேட்டாள். 'ம்' என்றாள். மறுபடி 'ம்' என்றாள். வைத்தாள்.

"ஆஸ்பத்திரியா மேடம்? அவர்... அவர் எப்படி..." மனைவி எழுந்தே விட்டாள்.

"அதே நிலைமைதான்," என்றாள் இன்ஸ்பெக்டர், எங்கோ பார்த்தபடி.

* * *

சோதனைக் கூடம். மோப்பி மேஜையில் கம்மென்று உட்கார்ந்திருந்தது. பாதுகாப்பு அதிகாரி படத்தைப் பார்த்தார். முகம் தொங்கியது.

பிறகு, ஆச்சரியம்! தாராளமாக ஒப்புக்கொண்டார்.

"சரி மேடம். டிரில் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை சொன்னாரு. ஆனா டம்மிய மாத்த மறந்துட்டேன்! அந்தப் பயத்துலதான் தெரியாதுன்னு பொய் சொன்னேன். இது மறதி மேடம். கொலை இல்ல!"

"அண்ணா..." என்றாள் தங்கை.

"பாப்பா, மறந்துட்டேன்டா. சாமி சத்தியமா. ஊசியத் தொட்டதுகூட நான் இல்லையே. நீதானே..."

ஏட்டு பெருமூச்சு விட்டார். மறதிக்குத் தூக்கு உண்டா? இல்லை. வேலை போகும், கொஞ்ச நாள் ஜெயில், அவ்வளவுதான். ஆள் தப்பிக்கப் போகிறார் என்றே அவருக்குப் பட்டது.

"மறதி," என்றாள் இன்ஸ்பெக்டர். "சிவப்புப் பெட்டியை நீங்க தொடவே இல்ல?"

"தொடவே இல்ல மேடம்!"

"நல்லது. எதுக்கும் இன்னொருத்தரையும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

செல்போனை எடுத்தாள். எண்ணைத் தட்டினாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க சார்."

கரகரவென்று ஒரு குரல். தேய்ந்த குரல்தான். ஆனால் தெளிவான குரல்.

"மச்சான்... மரத்தடி சௌகரியமா இருந்துச்சா?"

பாதுகாப்பு அதிகாரியின் கைக்குட்டை கீழே விழுந்தது.

"என்னங்க!" அவள் போனின்மேல் பாய்ந்தாள். "என்னங்க... பேசுங்க... பேசிக்கிட்டே இருங்க!"

"இருக்கேன்மா. நெஞ்சு இன்னும் படபடங்குது. ஆனா இருக்கேன். அழாதே."

இன்ஸ்பெக்டர் அவள் தோளைத் தொட்டாள். "மன்னிச்சுக்குங்கம்மா. அவர் கண்ணத் திறந்துட்டாருன்னு அந்த ரெண்டாவது போன்லயே சொல்லிட்டாங்க. அப்புறம் நானே அவர்கிட்ட பேசி மரத்தடி விஷயத்தச் சொன்னேன். உங்க முகத்துல சிரிப்பு வந்திருந்தா உங்க அண்ணன் வாய் திறந்திருக்காது." போனின் பக்கம் திரும்பினாள். "சார், காலையில நடந்ததச் சொல்லுங்க."

"டிரில் வைக்கலாம்னு சொன்னதே மச்சான்தான். நாளைக்கு எல்லாத்தையும் ஒத்துக்கறேன் மாப்பிள்ளை, கடைசியா ஒரே ஒரு டிரில் ஒழுங்கா நடத்திக் காட்டறேன்னு கண்ணீர் விட்டாரு. நம்பினேன். ஆனாலும் வேலைன்னா எனக்கு யார்மேலயும் நம்பிக்கை கிடையாது. காலையில தரையில படுக்கறதுக்கு முன்னாடி பெட்டியத் திறந்து ஒவ்வொரு ஊசியோட அடியையும் பார்த்தேன். எல்லாத்துலயும் நீலப் பொட்டு இருந்துச்சு."

"நீலப் பொட்டுன்னா?"

"டம்மின்னு அர்த்தம். வெளிப்பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். அந்தப் பொட்டு எனக்கும் மச்சானுக்கும் மட்டும்தான் தெரியும். அதப் பார்த்துட்டுத்தான் தைரியமாப் படுத்தேன்."

இன்ஸ்பெக்டர் உறைக்குள் இருந்த மூன்று ஊசிகளை மேஜைமேல் வைத்தாள்.

"அசல் ஊசி. அடியில நீலப் பொட்டு. மாத்த மறந்தேங்கறீங்க, சரி. மறந்தவன் உக்காந்து ஒண்ணொண்ணா பொட்டு ஒட்டுவானா? கம்பெனிக் குறின்னு எனக்கே கதை விட்டீங்க!"

அவர் ஊசிகளைப் பார்க்காமல் கதவைப் பார்த்தார்.

"அலாரம் அடிச்சா உங்க தங்கச்சி முகமூடியக்கூட மறந்து புருஷன்கிட்ட ஓடுவான்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். அந்தப் பாசத்த நம்பித்தான் திட்டமே போட்டீங்க. அப்புறம் அதையே என்கிட்ட சந்தேகமாக் கிளப்பிவிட்டு அவளையே மாட்டிவிடப் பார்த்தீங்க."

தங்கை மெதுவாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது.

"என்னையுமா அண்ணா?" என்றாள்.

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர் தலை கவிழ்ந்தது.

ஏட்டு விலங்கை மாட்டினார். போனில் மூக்கு சார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"முதல் குத்துலயே முனை இறங்கிடுச்சும்மா. டிரில்டீ, டிரில்டீன்னு கத்தினேன். வாய் நிறைய சோப்பு. வார்த்தையே வரல."

"இனிமே நீங்க படுக்கவே வேணாம்! நின்னுக்கிட்டே சாகற மாதிரி நடிங்க!" என்று அழுதுகொண்டே சிரித்தாள் அவள்.

பாதுகாப்பு அதிகாரியை நடத்திக்கொண்டு மேஜையைத் தாண்டும்போது ஏட்டு மோப்பியை முறைத்தார். அது கப்சிப்பென்று இருந்தது.

"என்ன மெஷின் மேடம் இது! என் தலை எண்ணெய்க்கு அந்தக் கத்து கத்துச்சு. இவ்வளவு பெரிய விஷம் பக்கத்துலயே போகுது, ஒரு கீச்சு இல்லையே!"

"அது வெறும் விஷவாயுவுக்குத்தான் ஏட்டய்யா," என்றாள் இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தபடி. "மச்சானைக் கண்டுபிடிக்கிற மெஷின் இன்னும் எந்த நாட்டுலயும் வரல!"